கத்தி பிடிக்காத கை

சவரக்கத்தியில் ஷேவ் செய்யப் பழகுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக எல்லாமே கத்தியைப் பிடித்திருக்கும் கையைப் பற்றியவை. எந்த விரல் எங்கே இருக்க வேண்டும், மணிக்கட்டை எவ்வளவு மடக்கலாம், எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும், எவ்வளவு வேகம். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஆரம்ப பயம் தெளிந்து, வெட்டு விழாமல் எப்படியோ முகத்தை முடித்துவிடும் அளவுக்கு வந்த பிறகும் கழுத்து காந்துகிறது, மோவாயில் முள்முள்ளாக நிற்கிறது, தாடைக்குக் கீழே ஒரு பட்டை அப்படியே விட்டுப்போகிறது என்று சொல்கிறவர்களைக் கவனித்தால், சிக்கல் பெரும்பாலும் அந்த இன்னொரு கையில் இருக்கும். தோலை இழுத்துப் பிடிக்க வேண்டிய கை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் கத்தி பிடித்த கைக்கு மிச்சமிருப்பது கொஞ்சம்தான். நான் இதை எவ்வளவு உறுதியாக நம்புகிறேன் என்றால், இன்று புதிதாக ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தால் கத்தியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் வெறும் விரலால் தோலை இழுத்துப் பார்க்கச் சொல்வேன்.

அதற்கு முன் கத்தியைப் பற்றிக் கொஞ்சம். பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஒரு புதுச் சவரக்கத்தி முகத்தில் வைக்கத் தயாராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். தொழிற்சாலையில் போட்ட கூர் பல சமயம் காகிதத்தை அறுக்கும், கைமுடியைக்கூட வழிக்கும், முகத்தில் வைத்தால் மட்டும் முடியை வெட்டாமல் பற்றி இழுக்கும். சவரத்துக்கான கூர் அதற்கு மேலே ஒரு படி. 1000 கிரிட் (இந்த எண் கூடக்கூடக் கல் நைசாகும்) சாணைக்கல்லில் விளிம்பின் இரண்டு சரிவுகளும் சரியாக ஒன்று சேரும்படி அமைத்து, அங்கிருந்து 4000, 8000 என்று ஏறி, 12000 கிரிட் கல்லிலோ அதற்கு ஈடான ஒரு இயற்கைக் கல்லிலோ முடிக்க வேண்டும். இந்தக் கத்தியின் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது: அதன் தடித்த முதுகே கோணத்தைப் பார்த்துக்கொள்கிறது. கல்லில் படுக்க வைத்தால் முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும், சுமார் 16, 17 டிகிரி கோணம் தானாக அமைந்துவிடும். கூர் தீட்டுவதே ஒரு தனிக் கலை, நல்ல கலை. ஆனாலும் ஷேவ் பழகும் அதே நாட்களில் அதையும் சேர்த்துப் பழக வேண்டாம் என்பேன். முகம் எரிந்தால் குறை கல்லில் நடந்ததா, கண்ணாடி முன்னால் நடந்ததா என்று கண்டுபிடிக்க வழியிருக்காது. தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஒரு நல்ல கூர் முகத்தில் எப்படி நடக்கும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். கட்டைவிரல் நகத்தில் விளிம்பை ஓட்டிப் பார்ப்பது போன்ற சோதனைகள் எதையும் செய்ய வேண்டாம், அது கூரைக் கெடுக்கும்.

கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குகளாகச் சொல்வது வழக்கம். 5/8 என்றால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். தொடங்குகிறவர்களுக்கு 5/8 அல்லது 6/8, நுனி வட்டமாக இருப்பது, இரண்டு பக்கமும் நன்றாகக் குழித்து மெல்லியதாக்கியது, இதுவே போதும். நுனி சதுரமாகக் கூர்ந்து நிற்கும் கத்திகள் பார்க்க அழகாக இருக்கும், மீசை ஓரத்தை நேர்க்கோடாக எடுக்க உதவும், ஆனால் அந்த மூலை காது மடலையும் மூக்கின் ஓரத்தையும் தேடிப்போய்க் குத்தும். பிளேடு மாற்றிக்கொள்ளும் கத்திகளைப் பற்றியும் கேட்பார்கள். மலிவாக அதில் பழகிவிட்டு அப்புறம் நிஜக் கத்திக்குப் போகலாமே என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது எடை குறைவு, பிளேடு மெல்லிசு, கூர் கடுமை. கோணம் கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்காது. அதில் கைதேர்ந்தவர்கள் அற்புதமாகச் செய்கிறார்கள், ஆனால் அது தனி ஆயுதம். அங்கே பழகிய பயமும் இறுக்கமும் நிஜக் கத்திக்கும் கூடவே வந்துவிடும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். தாடிமுடி காய்ந்திருக்கும்போது கம்பி மாதிரி விறைப்பாக இருக்கும், தண்ணீர் குடித்தால் உப்பி, மென்மையாகும். இதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். முகத்தில் தண்ணீரை ஒருமுறை அடித்துவிட்டு உடனே சோப்பைத் தடவினால் போதாது. குளித்துவிட்டு ஷேவ் செய்வதுதான் சுலபம், இல்லாவிட்டால் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். 2020-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்தார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி எப்படி ஒரு பிளேடின் கூரைக் கெடுக்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. முடி அசையாமல் நேருக்கு நேர் வெட்டப்பட்டபோது விளிம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முடி வளைய இடமிருந்தபோதுதான் விளிம்பிலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்ந்தன. அவர்கள் ஆராய்ந்தது சாதாரண ரேசர் பிளேடுகளை. ஆனால் எனக்கு இதைப் படித்தபோது நினைவுக்கு வந்தது தொளதொளவென்று விட்ட தோலில் கத்தி முன்னால் போகும்போது மடங்கிச் சாயும் முடிதான். தோலை இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு முடியும் அடியில் பிடிமானத்தோடு நிற்கிறது, கத்தி அதைத் தள்ளிக்கொண்டு போகாமல் வெட்டிவிட்டுப் போகிறது.

நுரையைப் பொறுத்தவரை புதியவர்கள் பார்ப்பது அதன் அளவை. பார்க்க வேண்டியது வழுக்கலை. மலை மாதிரி எழும்பி நிற்கும் நுரையில் காற்றுதான் அதிகம், கத்தி இரண்டு தடவை நடந்ததும் அடியில் காய்ந்த தோல்தான் இருக்கும். பிரஷ்ஷில் சோப்பை நிறையவே ஏற்றிக்கொண்டு, முகத்திலேயே குழைத்து, துளித்துளியாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போனால் குமிழ்கள் மறைந்து, தயிர் போன்ற பதத்தில், மேலே ஈரப் பளபளப்போடு வந்து நிற்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். கத்தியில் வழித்தெடுத்த நுரையை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள்: விரல்கள் வழுக்கிக்கொண்டு போனால் சரி, ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் போதவில்லை. பழகும் காலத்தில் நாம் மெதுவாகத்தான் செய்வோம், ஒரு கன்னத்தை முடிப்பதற்குள் மறு கன்னத்து நுரை காய்ந்துவிடும். காய்ந்த நுரை மேல் கத்தியை வைக்கவே வைக்காதீர்கள், ஈர பிரஷ்ஷால் ஒரு சுற்று விட்டு அப்புறம் தொடருங்கள்.

ஒரு பக்கம் துணியும் மறுபக்கம் தோலுமாக இருக்கும் தோல்வாரில் கத்தியைத் தீட்டுவது ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னால். முதலில் துணிப்பக்கம் இருபது தடவை, அப்புறம் தோல்பக்கம் ஐம்பது தடவை என்பது நல்ல கணக்கு. முதுகு முன்னே போகும், விளிம்பு பின்னால் இழுபடும். கடைசியில் திருப்பும்போது முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல், முதுகின் மேலேயே புரட்டி, அப்புறம்தான் திரும்பி வர வேண்டும். ஆரம்பத்தில் எல்லோருக்கும் வேகமாக அடிக்க ஆசை வரும், அந்தப் பட்பட் சத்தத்தில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. அந்த வேகத்தில்தான் திருப்பத்தில் விளிம்பு முதலில் இறங்கித் தோல்வாரையும் வெட்டி, கூரையும் மடித்துவிடுகிறது. வாரை இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். தொய்வாக விட்டால் அது விளிம்பைச் சுற்றி வளைந்து உருட்டிவிடும். பாருங்கள், இங்கேயும் வேலை கத்தி பிடிக்காத கைக்குத்தான். அழுத்தம் வேண்டியதில்லை, கத்தி தோலோடு ஒட்டிப் போகும் அளவுக்குத் தொட்டால் போதும்.

பிடி, கோணம் இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடலாம். கத்தியைத் திறந்து, கைப்பிடி மேல்நோக்கிப் போகும்படி வைத்து, கத்தியின் கழுத்தில், அதாவது கூர் முடிந்து கைப்பிடி தொடங்கும் வரை உள்ள ஒடுங்கிய பகுதியில், மேலே மூன்று விரல், கீழே கட்டைவிரல், வளைந்த வாலில் சுண்டுவிரல். இறுக்கிப் பிடிக்க வேண்டாம். கத்தியை முகத்தில் தட்டையாகப் படுக்க வைத்து, முதுகுக்கும் தோலுக்கும் நடுவே முதுகின் தடிமனைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு இடைவெளி வரும் வரை தூக்கினால் ஏறத்தாழ 30 டிகிரி வரும். கன்னத்தில் அதுவே தொடக்கம். இன்னும் தட்டையாகப் போனால் வெட்டாமல் இழுக்கும், இன்னும் தூக்கினால் தோலைச் சுரண்டும், அதைத் தாண்டினால் வெட்டும். இந்த 30 டிகிரியைக் கன்னத்தில் காட்டுவது எளிது. மோவாயில் வளைவு மாறிக்கொண்டே இருப்பதால் கண்ணால் பார்க்க முடியாது, சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல கூரும் சரியான கோணமும் சேர்ந்தால் மெல்லிய, உலர்ந்த ஒரு சரசரப்பு கேட்கும். ஒலி கரகரவென்று தடித்தால் கோணம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதனால் ஷேவ் செய்யும்போது பாட்டு வேண்டாம், மின்விசிறிச் சத்தம்கூட இல்லாமல் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் எப்போதும் மறக்கக் கூடாது: கத்தியை விளிம்பின் நீளவாக்கில், வாள் இழுப்பதுபோல, ஒரு நூலளவுகூட நகர்த்தக் கூடாது. விளிம்புக்குக் குறுக்காக நேரே முன்னோக்கிப் போகும்போது தோலை விட்டுவைக்கும் அதே விளிம்பு, பக்கவாட்டில் நகர்ந்தால் சத்தமில்லாமல் அறுத்துவிடும்.

இனி அந்த மறு கை. வலது கன்னத்தில் தொடங்குவோம், கத்தி வலது கையில். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, கிருதாவுக்குச் சற்று மேலே, நுரை இல்லாத காய்ந்த இடத்தில் விரல்களை ஊன்றி மேல்நோக்கி இழுங்கள். கண்ணாடியில் பாருங்கள்: கன்னத்தின் நடுப்பகுதி தட்டையாவது தெரியும், வாய் ஓரம் லேசாக மேலே போகும். அப்படி இழுத்த பின்புதான் கத்தி தோலைத் தொட வேண்டும். இழுப்பது எப்போதும் கத்திக்குப் பின்னாலிருந்து, கத்தி போகும் திசைக்கு எதிராக. முன்னாலிருந்து இழுத்தால் விரல் கத்தியின் வழியில் இருக்கும், தோலும் கத்திக்கு முன்னால் குவியும். ஒரு விரற்கடை நீளத்துக்கு மேல் ஒரே வீச்சில் போக வேண்டாம், ஏனென்றால் கத்தி கீழே இறங்க இறங்க நீங்கள் ஊன்றிய இடத்திலிருந்து தூரம் கூடுகிறது, பிடி தளர்கிறது. கண்ணுக்கு இழுத்த மாதிரியே தெரியும், ஆனால் கத்தியின் அடியில் தோல் தளர்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு வீச்சுக்கும் பின் கத்தியை எடுங்கள், விரலை நகர்த்தி மறுபடி ஊன்றுங்கள், மறுபடி இழுங்கள். பழகுகிறவர்களுக்கும் பழகியவர்களுக்கும் உள்ள வித்தியாசமே இந்த மறுபடி ஊன்றுவதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நுரை பட்டு விரல் வழுக்கிக்கொண்டேயிருந்தால், படிகாரக் கட்டியை நனைத்து விரல்நுனிகளில் ஒருமுறை தேய்த்துக்கொள்ளுங்கள். ஆச்சரியமான பிடி கிடைக்கும். துண்டின் ஓரத்தை விரலுக்கும் தோலுக்கும் நடுவே வைத்துப் பிடிப்பதும் நல்ல வழி.

இடது கன்னம் வரும்போது கத்தியை இடது கைக்கு மாற்றுவதா, வலது கையையே குறுக்கே கொண்டுபோவதா? மாற்றுங்கள் என்பேன். குறுக்கே கொண்டுபோனால் முன்கை கண்ணாடியை மறைக்கும், இழுக்கும் கைக்கும் இடமிருக்காது. முதல் சில வாரங்கள் இடது கை தடுமாறும், உண்மை. ஆனால் கத்தியில் உங்கள் வலது கைக்கும் அப்போது அனுபவம் இல்லை. அதனால் இரண்டையும் ஒன்றாகப் பழக்க இதைவிட நல்ல சமயம் வராது. கூடவே ஒரு லாபம்: வலது கை அந்த நேரத்தில் இழுக்கும் வேலையைக் கற்றுக்கொள்கிறது, அப்போதுதான் அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பது புரியும்.

தாடை எலும்பின் மேல் கத்தியை ஓட்டக் கூடாது. அந்த விளிம்பின் மேல் தோல் மெல்லியது, அடியில் கடினம், கத்தி தொடுவது ஒரே ஒரு புள்ளியில். தலையை மறுபக்கம் சாய்த்து, கன்னத்துத் தோலை மேலே இழுத்தால் தாடைக்குக் கீழே இருந்த தோல் எலும்பைத் தாண்டிக் கன்னத்தின் தட்டையான பகுதிக்கு ஏறி வந்துவிடும். அங்கே அதை வழித்துவிட்டு விடுங்கள், திரும்பித் தன் இடத்துக்குப் போய்விடும். அந்தத் தாடைக்கு அடியில் எப்போதும் விட்டுப்போகும் பட்டைக்கு இதுதான் மருந்து. கத்தியை வளைவுக்கு ஏற்ப வளைக்கப் பார்ப்பதைவிட வளைவையே தட்டையான இடத்துக்குக் கொண்டுவருவது எவ்வளவோ மேல்.

மோவாய்தான் எல்லோரையும் சோதிக்கும் இடம். முடி அங்கே தடிமன், அடர்த்தி, கூடவே பந்து மாதிரி வளைவு. கீழுதட்டைப் பற்களின் மேல் மடித்து உள்ளே இழுத்துக்கொண்டால் மோவாயின் முன்பக்கம் ஓரளவு தட்டையாகும். கூடவே கட்டைவிரலால் ஒரு பக்கமாக இழுத்து, அந்தப் பக்கத்தை மட்டும், அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வீச்சுகளாக எடுங்கள். பிறகு மறுபக்கம். நடுவில் உள்ள குழியைக் கடைசிக்கு விடுங்கள். இங்கே கத்தி இழுப்பதாகத் தோன்றும். பெரும்பாலும் அது கூரின் குறையாக இருக்காது. முடி தடிமனான இடத்தில் தோல் இன்னும் தளர்ந்திருக்கிறது என்பதுதான். தளர்ந்த துணியில் கத்தரிக்கோல் கடித்துக்கொண்டு நிற்குமே, அதேதான். ஆரம்பத்தில் மோவாயைச் சாதாரண ரேசரில் முடித்துக்கொள்வதில் ஒரு இழுக்கும் இல்லை. நான் சொல்வது, முதல் கொஞ்ச நாள் கத்தியில் கன்னங்கள் மட்டும், அது தூக்கத்தில்கூட வரும் என்கிற நிலை வந்ததும் கழுத்து, அதற்குப் பிறகு மேலுதடு, கடைசியில் மோவாய். முழு முகத்தையும் முதல் நாளே முடித்தாக வேண்டும் என்று நினைக்கிறவர்கள்தான் பாதி வழியில் கத்தியை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

மேலுதட்டில் இழுப்பது உதடே. மேலுதட்டைப் பற்களின் மேல் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து, மூக்கின் நுனியை விரலால் லேசாக மேலே தூக்கினால் போதிய இடம் கிடைக்கும். கத்தியின் நுனிப்பக்க மூன்றில் ஒரு பங்கு மட்டும், கீழ்நோக்கி, கொஞ்சம் தூக்கிய கோணத்தில். உதட்டின் சிவந்த ஓரத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்.

கழுத்தில் முதலில் செய்ய வேண்டியது ஷேவ் அல்ல, தடவிப் பார்ப்பது. இரண்டு நாள் வளர்ந்த தாடியில், கண்ணை மூடிக்கொண்டு, விரல்நுனியால் எல்லாத் திசையிலும் தடவுங்கள். வழவழவென்று போனால் அது முடி படியும் வாக்கு, சுரீரென்று தடுத்தால் எதிர்வாக்கு. கன்னத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஏறத்தாழ மேலிருந்து கீழ். கழுத்தில் அப்படி இல்லை. எனக்குக் கழுத்தின் வலப்பக்கம் முடி கீழிருந்து மேலாக வளர்கிறது, இடப்பக்கம் காதை நோக்கிப் பக்கவாட்டில் சாய்கிறது, குரல்வளை மேட்டுக்குக் கீழே ஒரு சுழி. இது தெரியாமல் கழுத்து முழுவதையும் மேலிருந்து கீழாக வழித்தால், வலப்பக்கம் நான் முதல் தடவையிலேயே எதிர்வாக்கில் போகிறேன் என்று அர்த்தம். பிறகு காந்தாமல் என்ன செய்யும்? ஒரு காகிதத்தில் முகத்தை வரைந்து அம்புக்குறிகளைப் போட்டுக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். கழுத்தில் கீழ்நோக்கிப் போகும்போது தாடைக்கு அடியில் ஊன்றி மேலே இழுக்க வேண்டும், மேல்நோக்கிப் போகும்போது காறை எலும்புக்குப் பக்கத்தில் ஊன்றிக் கீழே இழுக்க வேண்டும். குரல்வளை மேட்டின் மீது நேராகக் கத்தி போக வேண்டாம், அங்கிருக்கும் தோலை இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுக்கித் தட்டையான இடத்தில் வைத்து வழித்தால் போதும்.

இழுப்பதற்கும் ஒரு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். சுருட்டை முடி உள்ளவர்கள் தோலை மிகவும் இழுத்து, எதிர்வாக்கில் வழித்தால், முடி தன் இயல்பான இடத்தைவிட வெளியே எழும்பி நிற்கும்போது வெட்டுப்படும். தோலை விட்டதும் வெட்டிய முனை உள்ளே போய்விடும். தொட்டால் மழமழவென்று இருக்கும், இரண்டு நாள் கழித்து அந்த முனை பக்கவாட்டில் தோலைக் குத்திக்கொண்டு வளரும்போது சிவந்த கொப்புளங்கள் வரும். கழுத்தில் இது வருகிறவர்கள் படியும் வாக்கில் ஒருமுறை, வேண்டுமானால் குறுக்குவாக்கில் ஒருமுறை, அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தோல் தட்டையாகும் அளவுக்கு இழுத்தால் போதும். வெளுத்துப்போகும் அளவுக்கு இழுக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கும் பழகும் காலத்தில் படியும் வாக்கில் ஒரே ஒரு சுற்றே போதும் என்பது என் கருத்து. மழமழப்புக்கு ஆசைப்பட்டு மூன்று சுற்றுப் போகிறவர்கள் முதல் சுற்றைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வதே இல்லை, விட்டுப்போனதை அடுத்த சுற்று பார்த்துக்கொள்ளும் என்று கை பழகிவிடுகிறது.

கத்தி இழுக்கும்போது கை தானாக அழுத்தத்தைக் கூட்டும். இது எல்லோருக்கும் வரும் அனிச்சை, இதை உடைப்பதே பயிற்சியின் பாதி. இழுத்தால் நிறுத்துங்கள். கத்தியை எடுங்கள். தோல் இழுத்திருக்கிறதா, நுரை ஈரமாக இருக்கிறதா, கோணம் தட்டையாகிவிட்டதா, இந்த வரிசையில் பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தும் இழுத்தால்தான் கூர் மேல் சந்தேகப்பட வேண்டும், அப்போதும் அழுத்தம் விடையாகாது. கத்தியின் சொந்த எடையே போதுமானது. அழுத்தினால் விளிம்பு தோலின் மேலடுக்கையும் சேர்த்துச் சுரண்டும், அதுதான் அரைமணி கழித்துக் காந்தலாகத் தெரிவது. முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, நனைத்த படிகாரக் கட்டியை முகம் முழுக்கத் தடவிப் பாருங்கள். எங்கே சுரீரென்று எரிகிறதோ அங்கே அழுத்தியிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடும். எரிந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அந்த இடத்தில் விரலை எங்கே ஊன்றுகிறீர்கள் என்று கவனியுங்கள். என் கழுத்தில் எரிச்சல் போனது இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான்.

பாதுகாப்பில் சில விஷயங்கள். கை நழுவிக் கத்தி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், கையை விலக்கி, காலைப் பின்னால் எடுத்து, விழ விடுங்கள். கழுவுதொட்டியில் ஒரு துண்டை விரித்து வைத்திருந்தால் கத்தியும் தப்பிக்கும். குழாயின் உலோகத்தில் விளிம்பு லேசாகப் பட்டாலே போதும், அங்கே ஒரு பிசிறு விழுந்துவிடும். குழந்தைகள் எழுந்து நடமாடும் நேரம் வேண்டாம், கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்யுங்கள். உங்கள் கத்தியை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளி வழியாகப் பரவக்கூடியவை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவுசெய்வது நல்லது. சின்ன வெட்டு விழுந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, படிகாரம் வைத்தால் நின்றுவிடும்.

ஷேவ் முடிந்ததும் கத்தியைக் கழுவி, முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், விளிம்பின் நீளவாக்கில் வேண்டாம். பிடிக்குள் மடங்கும் இடத்தில், அச்சாணிக்குப் பக்கத்தில், தண்ணீர் ஒளிந்திருக்கும். ஒரு மெல்லிய காகிதத்தைத் திரித்து உள்ளே விட்டு எடுத்தால் வந்துவிடும். பிறகு தோல்வாரின் துணிப்பக்கத்தில் பத்துத் தடவை, விளிம்பில் ஒட்டியிருக்கும் ஈரம் போவதற்காக. பெரும்பாலான சவரக்கத்திகள் கார்பன் எஃகு, துருப்பிடிக்கும். குளியலறையில் வைக்காதீர்கள், சில மணி நேரம் திறந்தே காய விட்டு அப்புறம் மடியுங்கள். நீண்ட நாள் எடுக்காமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று போதும்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரு நல்ல கூர் மாதக்கணக்கில் தாங்கும், தோல்வார் மட்டுமே அதைப் பிடித்துவைத்திருக்கும். ஒருநாள் தோல், நுரை, கோணம் எல்லாம் சரியாக இருந்தும் விளிம்பு முழுக்க ஒரே மாதிரி கொஞ்சம் இழுக்கத் தொடங்கும். அப்போது குரோமியம் ஆக்சைடு பசை தடவிய ஒரு தனி வாரில் பத்துத் தடவையோ, கடைசிக் கல்லில் சில தடவையோ ஓட்டினால் கூர் திரும்பி வந்துவிடும், 1000 கிரிட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதில்லை. ஆனால் விளிம்பின் ஒரே ஒரு இடம் மட்டும், முகத்தில் எங்கே வைத்தாலும் இழுக்கிறது என்றால் கத்தியை விளக்கொளிக்கு எதிரே பிடித்து, விளிம்பை நேராக உங்களை நோக்கித் திருப்பிப் பாருங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பி அனுப்பாது, கறுப்பாகவே தெரியும். அந்த ஒரு இடத்தில் ஒரு புள்ளி மின்னினால் அங்கே பிசிறு விழுந்திருக்கிறது. தோல்வார் அதைச் சரிசெய்யாது, கல்லுக்குத்தான் போக வேண்டும்.